மனுவில் எதைக் கேட்பது: எல்லாப் பரிசோதனைகளுக்கும் தடையா, பெயர் சொல்லி ஒன்றிரண்டுக்கா?

#1 ஓடைக்கரை எழுதியது:

ஆய்வகங்களில் விலங்குகளைப் பயன்படுத்துவதற்கு எதிராகக் கையெழுத்து மனு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். குழுவில் நான்கே பேர். மனுவின் முதல் வரைவு ஒரே வாக்கியம்தான்: "ஆய்வகங்களில் விலங்குகளின் மீது நடத்தப்படும் பரிசோதனைகள் அனைத்தையும் உடனடியாகத் தடை செய்ய வேண்டும்." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நாங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறோம். அதில் ஒரு சொல்லைக் குறைத்தாலும் கூண்டில் கிடக்கும் உயிருக்குத் துரோகம் செய்ததாகும் என்று இருவர் சொல்கிறார்கள். இப்படியே கொடுத்தால் வாங்குகிற அதிகாரி அன்பாகப் பேசி, கோப்பில் போட்டுக் கட்டிவைத்துவிடுவார் என்று நானும் இன்னொருவரும் சொல்கிறோம்.

முகப்பில் வைப்பதற்கு, இமைகள் இடுக்கியால் விரிக்கப்பட்ட ஒரு வெள்ளை முயலின் படத்தையும் எடுத்து வைத்திருக்கிறோம். ஆய்வகத்துக்குள் வேலை பார்த்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், வரைவைப் பற்றியும் படத்தைப் பற்றியும் தயங்காமல் கருத்துச் சொல்லுங்கள்.

#2 தராசுமுள் எழுதியது:

உங்கள் நால்வருக்குள் நடக்கும் சண்டைக்கு வயது நூறு தாண்டிவிட்டது, நண்பரே. பிரான்சிஸ் பவர் காப் என்ற அம்மையார் 1875-இல் இலண்டனில் இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பிரிட்டனில் விலங்குப் பரிசோதனைகளுக்கு உரிமம் தேவை என்ற சட்டம் வந்தது. உலகில் இவ்வகையில் அதுவே முதல் சட்டம். காப் அதில் நிறைவடையவில்லை, ஏனெனில் அந்தச் சட்டம் பரிசோதனையைத் தடுக்காமல் அதற்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது. 1898-இல் அவருடைய சங்கமே, முழு ஒழிப்பை இறுதி இலக்காக வைத்துக்கொண்டு இடையில் சிறு சீர்திருத்தங்களையும் கேட்கலாம் என்று முடிவெடுத்தபோது, அவர் வெளியேறி முழு ஒழிப்பை மட்டுமே கேட்கும் வேறொரு சங்கத்தை நிறுவினார். இரண்டு சங்கங்களும் பல பத்தாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இயங்கின. ஆய்வகங்களில் விலங்குகளின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது.

ஹென்ரி ஸ்பைராவின் கதை இதற்கு நேர்மாறானது. கப்பல் தொழிலாளியாகவும் தொழிற்சங்கக்காரராகவும் இருந்து பின்னர் பள்ளி ஆசிரியரானவர் அவர். 1976-இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகளின் பாலியல் நடத்தையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் நடந்துவந்த பரிசோதனைகளை மட்டும் குறிவைத்தார். அடுத்த ஆண்டு அவை நிறுத்தப்பட்டன. பிறகு டிரைஸ் சோதனையைக் கையில் எடுத்தார். அழகுப்பொருளில் சேரும் வேதிப்பொருளை முயலின் ஒரு கண்ணின் கீழிமைக்குள் விட்டு, மறு கண்ணை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டு, நாள்கணக்கில் சிவப்பையும் வீக்கத்தையும் புண்ணையும் பார்த்து மதிப்பெண் போடும் சோதனை அது. 1944 முதல் நடைமுறையில் இருந்தது. 1980 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, ரெவ்லான் நிறுவனத்தைப் பெயர் சொல்லியே கேட்டார்: அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள்?

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவர் வைத்த கோரிக்கையை. நிறுவனத்தை மூடச் சொல்லவில்லை. மாற்று முறையைக் கண்டுபிடிக்கப் பணம் கொடுங்கள் என்றார். ரெவ்லான் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் கொடுத்தது. 1981-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்று முறைகளுக்கென ஒரு மையம் அழகுப்பொருள் துறையின் பணத்தில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சில் விலங்குகளிடம் சோதிக்கப்பட்ட அழகுப்பொருள்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. அந்த விளம்பரத்திலிருந்து எண்ணினால் 33 ஆண்டுகள். உடனடி என்ற சொல்லை மனுவில் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

#3 கூண்டறை எழுதியது:

பதினோரு ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தின் விலங்கறையில் பராமரிப்பாளனாக இருந்தேன். எந்த ஆய்வகம் என்று கேட்க வேண்டாம்.

முதலில் படத்தை எடுத்துவிடுங்கள். அதை எடுத்த ஆண்டும் இடமும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்களை எதிர்ப்பவர் முதலில் கேட்பது அதுதான். பதில் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கண் சோதனைக்கான சர்வதேச வழிகாட்டியிலேயே வலிநீக்கி கொடுப்பது 2012-இல் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய படத்தைக் காட்டினால், இப்போது அப்படிச் செய்வதில்லை என்று அவர் சொல்வது உண்மையாகிவிடும், உங்கள் மனு பொய்யாகிவிடும்.

நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை படத்துக்கு உதவாதவை. ரத்தம் இருக்காது, அலறல் இருக்காது. காலையில் கதவைத் திறந்தால் தட்டுத்தட்டாகக் கூண்டுகளில் சுண்டெலிகள். பகலெல்லாம் தூங்கி இரவில் நடமாடும் பிராணி அது. நமக்கு வசதியான நேரத்தில் விளக்கைப் போட்டு எழுப்புகிறோம். ஆய்வகத்தின் வெப்பநிலை 20 முதல் 24 டிகிரி வரை வைக்கப்படுகிறது, அது நமக்கு இதம். சுண்டெலியின் உடலுக்கு இதமான வெப்பம் 30 டிகிரியை ஒட்டியது. அதாவது வாழ்நாள் முழுவதும் அது சற்றே குளிரில் இருக்கிறது. இதைப் படம் எடுத்துக் காட்ட முடியுமா?

கட்டாய நீச்சல் சோதனை என்று ஒன்று உண்டு. 1977-இல் வந்தது. உயரமான கண்ணாடி உருளையில் தண்ணீர் நிரப்பி, ஏற முடியாதபடி சுண்டெலியை உள்ளே விடுவார்கள். அது சுவரைப் பிராண்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்தும். ஆறு நிமிடம். கடைசி நான்கு நிமிடங்களில் அது அசையாமல் மிதந்த நொடிகளைக் கூட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். அசையாமல் மிதந்தால் நம்பிக்கை இழந்துவிட்டது என்று பொருள். மனச்சோர்வு மருந்து கொடுத்த சுண்டெலி கூடுதல் நேரம் நீந்தினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு நான் எத்தனையோ முறை உருளையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மூக்கை மட்டும் நீருக்கு மேலே தூக்கி, பின்னங்கால் ஒன்றை எப்போதாவது மெல்ல உதைத்துக்கொண்டு அது மிதக்கும்போது, நம்பிக்கை இழந்ததா, வீணாக நீந்திப் பயனில்லை என்று கற்றுக்கொண்டு உடல்வலுவைச் சேமிக்கிறதா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. ஆய்வாளர்களுக்குள்ளும் இதே சண்டை நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் இந்தச் சோதனையைச் சட்டம் போட்டே நிறுத்திவிட்டது.

இப்படிப் பெயர் சொல்லக்கூடிய சோதனைகளை எழுதுங்கள். "அனைத்தையும்" என்று எழுதினால் எதையும் எழுதவில்லை என்றுதான் உள்ளே இருப்பவர்கள் படிப்பார்கள்.

#4 வேர்க்கால் எழுதியது:

ஓடைக்கரை குறிப்பிட்ட அந்த "இருவரில்" நான் ஒருத்தி. தந்திரம் கற்றுத் தருகிறீர்கள், சரி. ஆனால் தந்திரத்துக்கும் கொள்கைக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டீர்கள். மனிதரிடம் ஒரு மருந்தைச் சோதிக்க அவருடைய ஒப்புதல் வேண்டும், எந்த நிமிடமும் விலகிக்கொள்ளும் உரிமை அவருக்கு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். ஒப்புதல் கொடுக்கவே முடியாத உயிரிடம் மட்டும், ஒப்புதல் கொடுக்க முடியாது என்பதையே அனுமதியாக எடுத்துக்கொள்கிறோம். இதற்கு எந்த நாட்டுக் குழுவும் எந்தப் படிவமும் பதில் சொல்லவில்லை.

அத்தனை துன்பத்துக்கும் கிடைப்பது என்ன? விலங்குகளிடம் தேறி மனிதச் சோதனைக்கு வரும் மருந்துகளில் பத்துக்கு ஒன்பது அங்கே தோற்றுப்போகின்றன. 2006-இல் இலண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள். குரங்குகளிடம் பாதுகாப்பானது எனக் காணப்பட்ட அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுக்கப்பட்டது. அறுவரும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். அந்தக் குரங்குகள் எதற்காகச் செத்தன?

#5 ஆய்வுமேசை எழுதியது:

நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றி ஆராய்கிறேன். சுண்டெலிகளைப் பயன்படுத்துகிறேன். இங்கே எழுதுவதற்குத் தயங்கித்தான் எழுதுகிறேன்.

வேர்க்கால் அவர்களே, பத்துக்கு ஒன்பது என்ற கணக்கு சரிதான், ஆனால் அது முழுவதையும் விலங்குகளின் கணக்கில் எழுத முடியாது. பல மருந்துகள் பாதுகாப்பாகவே இருந்து, நோயைக் குணப்படுத்தாமல் தோற்கின்றன. செல் சோதனையில் தேறியவையும் அவற்றில் உண்டு. சோதனையை மோசமாக வடிவமைப்பதும் ஒரு காரணம். எந்தச் சுண்டெலிக்கு மருந்து போட்டோம் என்பது தெரிந்தவரே முடிவையும் பார்த்துக் குறித்தால், அவர் கண்ணுக்கு வேண்டியது தெரியும். குலுக்கல் முறையில் பிரிப்பதையும் மறைத்து வைத்துப் பார்ப்பதையும் எங்கள் துறை பல ஆண்டுகள் அலட்சியப்படுத்தியது. இது எங்கள் குற்றம், ஒத்துக்கொள்கிறேன். ஒன்றும் நிரூபிக்காத சோதனையில் ஒரு சுண்டெலி செத்தாலும் அது வீண் சாவுதான்.

டிஜிஎன்1412 பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதற்குப் பின்னால் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மருந்து சிடி28 என்ற மூலக்கூறில் போய் ஒட்டிக்கொள்ளும். மனிதரின் ஒருவகை நினைவு டி-செல்களில் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) அந்த மூலக்கூறு இருக்கிறது; சோதிக்கப்பட்ட குரங்கினத்தின் அதே செல்களில் இல்லை. மனித ரத்தத்திலிருந்து பிரித்த செல்களின் மீது, மருந்தைக் கலனின் அடித்தளத்தில் ஒட்டவைத்துச் சோதித்தபோது, அறுவரின் உடலில் நோய் எதிர்ப்புச் செல்கள் கொந்தளித்ததைப் போன்ற கொந்தளிப்பு கலனிலேயே தெரிந்தது. ஆகவே உங்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது: அங்கே குரங்கைவிட மனிதச் செல்லே சரியான விடை சொன்னது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் செல்லிடம் கேட்க முடிந்தது. கல்லீரலும் மூளையும் குடலும் ஒன்றோடொன்று பேசி என்ன செய்யும் என்று தெரியாத இடத்தில் முழு உடலுக்கு ஈடாக எங்களிடம் இன்று எதுவும் இல்லை. மனித நுரையீரல் செல்களைச் சிறு சில்லொன்றில் வளர்த்து, சில்லுக்குள் நுரையீரல் என்று 2010-இல் வந்த கருவியைக் கண்டு வியந்தவர்களில் நானும் ஒருவன். அது கூர்மையான கருவி, ஆனால் அது நோயாளி ஆகாது.

இன்னொன்று. கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால் குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தை விலங்குச் சோதனையின் தோல்விக்கு எடுத்துக்காட்டாகப் பலர் சொல்கிறார்கள். அந்த மருந்து சந்தைக்கு வருமுன் கருவுற்ற விலங்குகளிடம் சோதிக்கப்படவில்லை. பின்னர் சோதித்தபோது முயல்களில் குறை தெரிந்தது. எலிகளில் அவ்வளவாகத் தெரியவில்லை. அந்தக் கதையை மனுவில் சேர்த்துவிடாதீர்கள், இரு பக்கமும் வெட்டும்.

#6 மழைமானி எழுதியது:

என் மகளுக்கு ஒன்பது வயது. முதல் வகை நீரிழிவு. 1921-இல் நாய்களின் கணையத்தை எடுத்து நடத்திய பரிசோதனைகளில்தான் இன்சுலின் கிடைத்தது. பிறகு அறுபது ஆண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982 முதல் பாக்டீரியாவிடமிருந்து எடுக்கிறார்கள், மகள் போட்டுக்கொள்வதும் அந்த வழியில் வந்ததுதான். முதல் வரைவில் நான் கையெழுத்திட மாட்டேன். நீச்சல் சோதனைக்கு எதிராக என்றால் இன்றே இடுவேன். இவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

#7 தராசுமுள் எழுதியது:

மழைமானி ஒரே பத்தியில் சொன்னதை ஒரு நாடு முழுவதுமே ஒருமுறை வாக்குச்சீட்டில் சொல்லியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 2022 பிப்ரவரியில் எல்லா விலங்குப் பரிசோதனைகளுக்கும் தடை கேட்டு மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 79 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள்.

#8 சட்டப்புத்தகம் எழுதியது:

பொருள்களின் பாதுகாப்பு ஆவணங்களைத் தயாரிப்பது என் வேலை. இந்த இழையில் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் கலந்து பேசுகிறோம். ஆராய்ச்சிக்காகச் செய்வது ஒன்று. சட்டம் கேட்கிறது என்பதற்காகச் செய்வது இன்னொன்று. முதலாவதில் ஆய்வாளரின் மனத்தை மாற்ற வேண்டும். இரண்டாவதில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், உலகமெங்கும் கூண்டுகள் காலியாகும். உயிர்க்கொல்லி அளவைக் கண்டறிய, ஒரு தொகுதி விலங்குகளில் பாதி சாகும்வரை கொடுத்துப் பார்க்கும் சோதனை 1927 முதல் இருந்தது. அதன் பழைய வடிவத்தை, சோதனை முறைகளுக்குச் சர்வதேச வழிகாட்டிகளை வெளியிடும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2002-இல் தன் வழிகாட்டிகளிலிருந்து நீக்கியது. அதற்குப் பதிலாக வந்த முறைகளுக்கு மிகக் குறைவான விலங்குகளே போதும்.

காய்ச்சல் சோதனையையும் பாருங்கள். ஊசி மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் மாசு இருக்கிறதா என்று அறிய மூன்று முயல்களை அசையாதபடி பெட்டிகளில் பொருத்தி, ஆசனவாயில் வெப்பமானியைச் செருகி, காதின் ரத்தக்குழாயில் மருந்தை ஏற்றி, மூன்று மணி நேரம் வெப்பத்தைக் குறிப்பார்கள். மனித ரத்தச் செல்களைக் கொண்டே இதைச் செய்யும் முறை, மருந்துகளின் தரவிதிகளைச் சொல்லும் ஐரோப்பிய மருந்து நூலில் 2010 முதல் இருக்கிறது. ஆயினும் முயல் சோதனை அந்நூலிலிருந்து முழுவதுமாக நீங்கியது 2025-இல்தான். மாற்று இருந்தும் பதினைந்து ஆண்டுகள்! ஏனென்று கேட்டால், பழைய முறைக்குப் பழகிய கை, பழைய முறையிலேயே அனுமதி பெற்ற மருந்து, திருத்தி எழுதச் செலவாகும் ஆவணம். தீமை என்று பெயர் வைக்கும் அளவுக்குக்கூட அதில் ஒன்றும் இல்லை, வெறும் சோம்பல். உங்கள் மனு தட்ட வேண்டிய கதவு அது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அழகுப்பொருள் தடை வந்த பிறகும், அதே மூலப்பொருளைத் தொழிற்சாலையில் கையாளும் தொழிலாளியின் பாதுகாப்புக்காக விலங்குகளிடம் சோதிக்கும்படி ஐரோப்பிய வேதிப்பொருள் சட்டம் கேட்கக்கூடும். ஒரு சட்டம் மூடிய கதவை இன்னொரு சட்டம் திறந்து வைத்திருக்கிறது.

#9 வேர்க்கால் எழுதியது:

சட்டப்புத்தகம் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். முயலுக்கு மாற்றாக மனிதச் செல் வருவதற்கு முன்பே குதிரைலாட நண்டு வந்தது. அதன் நீல ரத்தம் பாக்டீரிய நஞ்சு பட்டால் உறைந்துவிடும் என்பதால், கடற்கரையில் பிடித்து வரிசையாகக் கட்டி ரத்தம் எடுத்துத் திரும்பக் கடலில் விடுகிறார்கள்; அப்படி விடப்படுவதில் ஒரு பங்கு செத்துப்போகிறது. இதையும் "மாற்று முறை" என்றுதான் எழுதினார்கள். அதனால்தான் அஞ்சுகிறேன். ஒவ்வொரு சோதனையாகக் கேட்டுக்கொண்டு போனால், ஓர் உயிரை இறக்கி இன்னோர் உயிரை ஏற்றுவார்கள். அந்த ரத்தத்தின் வேலையைச் செய்யும் புரதத்தை நண்டே இல்லாமல் செயற்கையாகத் தயாரிக்கவும் இப்போது முடிகிறது. பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டுமென்றால், எந்த மாற்று என்பதையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

நீச்சல் சோதனையைப் பற்றிக் கூண்டறை எழுதியதை மூன்று முறை படித்தேன். என் கொள்கை மாறவில்லை. வரைவை மாற்றச் சம்மதிக்கிறேன்.

#10 நெறியாளர் எழுதியது:

இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். ஓர் ஆய்வக ஊழியரின் வீட்டு முகவரியை அதில் இட்டிருந்தார்கள். பிரிட்டனில் 1999-இல் ஓர் ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தை மூடுவதற்காகத் தொடங்கிய இயக்கம், ஊழியர்களின் வீடுகள் வரை மிரட்டலைக் கொண்டுபோனது; அதை நடத்தியவர்கள் 2009-இல் சிறை சென்றார்கள். அந்த வழியில் போகும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. இழை தொடரட்டும்.

#11 ஓடைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நால்வரும் நேற்று இரவு மறுபடி உட்கார்ந்தோம். படத்தை எடுத்துவிட்டோம். புதிய வரைவு இது:

"ஒன்று: கட்டாய நீச்சல் சோதனைக்கு இனி அனுமதி வழங்கக் கூடாது. இரண்டு: ஊசி மருந்துகளுக்கான முயல் காய்ச்சல் சோதனை நடைமுறையில் உள்ள இடங்களிலெல்லாம், ஈராண்டுக்குள் மனித ரத்தச் செல் முறையைக் கட்டாயமாக்க வேண்டும், குதிரைலாட நண்டின் ரத்தம் பயன்படும் இடங்களில் செயற்கைப் புரத முறையை ஏற்க வேண்டும். மூன்று: ஆய்வகங்கள் பயன்படுத்தும் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்."

முழு ஒழிப்பே எங்கள் இறுதி விருப்பம் என்பதை முன்னுரையில் ஒரு வாக்கியமாக வைத்திருக்கிறோம். அதை வேர்க்கால்தான் எழுதினார்.

#12 கூண்டறை எழுதியது:

முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன. மூன்றாவது பயன்படாது. குறைப்பதற்கு முதலில் எண்ண வேண்டும். பிரிட்டனில் ஆண்டுதோறும் எண்ணிக்கையை வெளியிடுகிறார்கள், 2023-இல் 26.8 இலட்சம் செயல்முறைகள். எத்தனை மிதமான வலி, எத்தனை கடும் வலி என்பதையும் பிரித்தே எழுதுகிறார்கள். அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டமோ, ஆய்வுக்கென வளர்க்கப்படும் சுண்டெலியையும் எலியையும் பறவையையும் விலங்கு என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. மிக அதிகமாகப் பயன்படும் உயிர் அங்கே கணக்கிலேயே வராது. "குறைக்க வேண்டும்" என்று எழுதினால், குறைத்துவிட்டோம் என்று பதில் வரும். சரிபார்க்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

வளர்த்துப் பயன்படுத்தாமலே கொல்லப்படுபவற்றையும் எண்ணச் சொல்லுங்கள். வேண்டிய மரபணு வராத குட்டிகளை நாங்கள் வாரந்தோறும் பிரித்தெடுப்போம். அவற்றின் மீது எந்தப் பரிசோதனையும் நடப்பதில்லை, அதனால் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை என்ற நிலை பல இடங்களில் உண்டு.

#13 ஆய்வுமேசை எழுதியது:

கூண்டறை சொல்வதை வழிமொழிகிறேன். அந்த எண்ணிக்கை வெளியானால் எங்களில் சிலருக்கு வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். நீச்சல் சோதனையைப் பற்றிய வரியில் "மனச்சோர்வு மருந்து ஆய்வில்" என்று சேர்க்காதீர்கள். வேறு பெயரில் அனுமதி கேட்பார்கள். இப்போது இருப்பதுபோலப் பொதுவாகவே இருக்கட்டும். மூன்றாவது வரி திருத்தப்பட்டால் நானும் கையெழுத்திடுவேன்.

#14 ஓடைக்கரை எழுதியது:

மூன்றாவது வரி இப்போது இப்படி: "பயன்படுத்தப்பட்ட விலங்குகளையும், வளர்க்கப்பட்டுப் பயன்படுத்தாமல் கொல்லப்பட்டவற்றையும், சுண்டெலி, எலி, பறவை, மீன் எதையும் விலக்காமல், இனம் வாரியாகவும் வலியின் அளவு வாரியாகவும் எண்ணி, ஒவ்வோர் ஆண்டும் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும்."

நாளை காலை கையெழுத்துக்கு விடுகிறோம். முதல் பெயர் மழைமானியுடையது. நேற்றே செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டார்.